ஹைலக்ஸ் டபள் கெப்: 60க்கு மேல பின்னால ஊளை, டிஃப் ஒயில் பால் நிறம். கிரவுன் பினியன் மாத்தியே ஆகணுமா?

கொலன்னாவ கெப்:

வண்டி ஹைலக்ஸ் டபள் கெப், டீசல், ஃபோர் வீல், மெனுவல் கியர். பின்பக்கம் சாதாரண டிஃப் (புரொபெல்லர் சாஃப்ட்டோட சுழற்சியை ரெண்டு சில்லுக்கும் பிரிக்கிற கியர் கூடு), லொக் கிடையாது. மீற்றர் 190,000 கி.மீ. வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளத்துல சில்லு பாதி மூழ்கிற தண்ணியில ஓடியிருக்கு. இப்ப நிலைமை இதுதான்.

60க்கும் 80க்கும் இடையில அக்ஸிலேட்டரை மிதிச்சா பின்னால ஊளை. காலை எடுத்தா குறையுது, முழுசா நிற்கிறதில்லை. முதல் கியர்ல இருந்து ரிவர்ஸ் போட்டா "டங்". வலது பின் சில்லுக்கு உள்பக்கம் ஒயில் ஈரம். ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டா ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி வருது.

கராஜ்ல ரெண்டு யோசனை சொல்றாங்க. ஒன்று, பினியன் (டிஃப்புக்குள்ள சுழற்சியைக் கொண்டு போற சின்னப் பல்சக்கரம்) நட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கிறது. இல்லாட்டி பாட்ஸ் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில கிரவுன் பினியன் செட் (பினியனும் அது முட்டிச் சுத்துற பெரிய பல்சக்கரமும்) எடுத்துப் போடுறது. எது சரி?

லேத்துக்காரன்:

நட்டை இறுக்க விடவே விடாதீங்க. ஹைலக்ஸ் டிஃப் பெரும்பாலானதுல பினியனோட ரெண்டு பேரிங்குக்கு நடுவுல நசுங்குற ஸ்லீவ் ஒன்று இருக்கு. நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பேரிங்குக்கு வேண்டிய அழுத்தத்தைக் கொடுக்கும். ஒருக்கா நசுங்கினா திரும்ப நீளாது. அரைச் சுத்து கூட இறுக்கினாலும் அழுத்தம் எல்லை தாண்டிப் போயிடும். நட்டைத் தளர்த்தினா அது சரியாகவும் ஏலாது, ஸ்லீவையே மாத்தணும்.

இறுக்கினதும் ரெண்டு நாளைக்குச் சத்தம் குறையும், அது உண்மை. தேய்ஞ்ச பேரிங்கோட ஆட்டத்தை மூடிட்டதாலதான் குறையுது. பிறகு பேரிங் சூடேறி நிறம் மாறும், கடைசியில பினியன் இறுகிடும். ஹைவேயில ஓடும்போது பின் சில்லு ரெண்டும் லொக் ஆனா என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்லை.

கிரவுன் பினியனுக்கும் இப்பவே காசு போடாதீங்க. ஊளை எங்க இருந்து வருதுன்னு இன்னும் யாரும் பார்க்கவே இல்லையே.

தெஹிவளை டீசல்:

லேத்துக்காரன் அண்ணை சொன்னதுதான் சரி. பின்னால சத்தம் கேட்டா எல்லாருக்கும் டிஃப்லதான் சந்தேகம். டயர், சில்லு பேரிங், புரொபெல்லர் சாஃப்ட் சென்டர் பேரிங் மூண்டும் கிட்டத்தட்ட இதே சத்தத்தைப் போடும். கழட்ட முந்தி இப்பிடிப் பிரிச்சுப் பாருங்கோ.

ரோட்டோட மேற்பரப்பு மாற மாற சத்தமும் மாறினால் டயர். பழைய கொங்கிறீட் ரோட்டில ஒரு மாதிரி, புதுக் காபெட்டில இன்னொரு மாதிரிக் கேட்டால் டிஃப்பைத் தொட வேண்டாம்.

அக்ஸிலேட்டர் மிதிச்சாலும் விட்டாலும் ஒரே சத்தம், ஆனால் இடது பக்கம் மெல்ல வளைச்சு ஓட்டேக்க கூடினால் வலது சில்லு பேரிங். மற்றப் பக்கத்துக்கும் அதே கணக்கு.

மிதிக்கேக்க மட்டும் ஊளை எண்டால் கிரவுன் பினியன் பற்கள் முட்டுற இடம் பிழை, இல்லாட்டி முன்னோக்கி இழுக்கிற முகம் தேய்ஞ்சிருக்கு. காலை எடுக்கேக்க மட்டும் எண்டால் முதல்ல பினியன் பேரிங்கில ஆட்டம் இருக்கோ எண்டு பாருங்கோ. ரெண்டிலயும் கரகரப்பு எண்டால் பேரிங்தான், அதுவும் பெரும்பாலும் பினியன் பேரிங். சில்லு ஒருக்கா சுத்துற நேரத்துக்குள்ள பினியன் நாலு தரம் சுத்துறதால அந்த ஒலி சில்லு பேரிங்கை விட உயரமா இருக்கும்.

திரும்பேக்க மட்டும் வந்தால் உள்ளுக்குள்ள இருக்கிற சின்ன ஸ்பைடர் கியர், அதோட வாஷர்.

"டங்" வேற கதை. முதல்ல யூ ஜொயின்ட்டை (புரொபெல்லர் சாஃப்ட் முனையில உள்ள சிலுவை மூட்டு) பாருங்கோ. சில்லுக்குக் கட்டை வச்சு, கியரை நியூட்ரலில விட்டு, சாஃப்ட்டைக் கையால திருப்பினால் சிலுவையில ஆட்டம் தெரியும். சாஃப்ட் நீளச் சுருங்கச் சறுக்குற ஸ்ப்ளைன் பள்ளத்தில கிரீஸ் காய்ஞ்சாலும் அதே "டங்". அங்க கிரீஸ் நிப்பிள் இருக்கு, லித்தியம் கிரீஸ் நம்பர் 2 அடிச்சாலே பாதி வண்டியில "டங்" நிண்டிடும்.

மருதானை நானா:

ஃபோன்லயே ஒரு டெஸ்ட் செய்யலாம். ஒலி அலைவரிசை காட்டுற ஆப் ஒன்று போட்டுக்கொள்ளுங்க. கணக்கு இப்படி: 265/65 ஆர்17 டயரோட சுற்றளவு ஏறக்குறைய 2.44 மீற்றர். 60 கி.மீ. வேகத்துல சில்லு செக்கனுக்கு 6.8 தரம் சுத்தும். ரேஷியோ 4.1ன்னா பினியன் 28 தரம். பினியன்ல 10 பல் இருந்தா செக்கனுக்கு 280 பல் முட்டும். அதனால 60ல 280 ஹேர்ட்ஸ் பக்கமும், 80ல 373 பக்கமும் ஒரு கூர் உச்சி எழும்பினா அது கிரவுன் பினியன் பல் சத்தம். அந்த இடத்துல உச்சி இல்லாம பரவலா இரைச்சல் மட்டும்னா பேரிங் அல்லது டயர். டயர் சைஸும் பல் எண்ணிக்கையும் வேறன்னா கணக்கையும் மாத்திக்கொள்ளணும்.

ஒரே வேகத்துல கியரை மாத்தியும் பாருங்க, நாலாவதுல ஒருக்கா, அஞ்சாவதுல ஒருக்கா. உச்சி இடம் மாறினா சத்தம் எஞ்சின் அல்லது கியர்பொக்ஸ் பக்கம். மாறாட்டி டிரான்ஸ்ஃபர்ல (முன் பின் அக்ஸிலுக்குச் சுழற்சியைப் பிரிக்கிற பெட்டி) இருந்து பின்னால.

கொலன்னாவ கெப்:

நன்றி. அப்ப ஒயிலை என்ன செய்ய? மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவலாம்னு ஒருத்தர் சொன்னார்.

அம்பத்தலே:

மச்சான், ரெண்டு லீற்றர் மண்ணெண்ணெய் ஊத்தி, ஜெக்ல தூக்கி, சில்லைக் கையால சுத்தி இறக்கினா கழுவுப்படும். லொறிக்காரங்க எல்லாரும் அதைத்தான் செய்றாங்க.

லேத்துக்காரன்:

செய்றாங்க, பேரிங்கும் போகுது. அக்ஸில் கூட்டுக்குள்ள அடி மூலையில நிற்கிற மண்ணெண்ணெய் முழுசா இறங்காது. பேரிங் உருளைக்கு இடையில போனது அங்கேயே நின்று, பிறகு ஊத்துற ஒயிலை மெலிசாக்கும். கிரவுன் பினியன் மாதிரி ஹைபொயிட் கியர்ல பல்லு உருளுறது மட்டும் இல்லை, ஒன்று மேல ஒன்று வழுக்கவும் செய்யும். அங்க படலம் அறுந்தா சில நிமிஷத்துல பல் முகம் கீறிடும்.

கழுவ வேண்டியது கியர் ஒயிலால. விலை குறைஞ்ச கனிம 80டபிள்யூ-90 எடுங்க, ஆனா ஜீஎல்-5ஆ (டப்பாவுல எழுதியிருக்கிற கியர் ஒயில் தரம்) இருக்கணும். மூணு லீற்றருக்குக் கிட்டப் பிடிக்கும். ஊத்தி, லோட் இல்லாம, 40க்கு மேல போகாம 10, 15 கி.மீ. ஓடுங்க. சூடு ஆறுறதுக்குள்ள இறக்குங்க. இன்னும் மங்கலா வந்தா திரும்ப ஒருக்கா. தெளிவா வந்த பிறகுதான் நல்ல ஒயில். இறக்கின ஒயிலைக் கானுக்குள்ள ஊத்தாம கேன்ல அடைச்சு, பழைய ஒயில் எடுக்கிற இடத்துல குடுங்க.

ஒரு முறை சொல்றேன், மறந்துடாதீங்க: இறக்கும் பிளக்கைத் தொடுறதுக்கு முந்தி ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்க. 24 மி.மீ. சொக்கெட், ஆறு முனை உள்ளது. பன்னிரண்டு முனைச் சொக்கெட் மூலையை உருட்டிடும். ஃபில்லர் இறுகிக் கிடந்தா, ஒயிலை இறக்கிட்டு ஊத்த வழியில்லாம வண்டி அப்படியே நிற்கும்.

மருதானை நானா:

அம்பத்தலே தம்பிக்கு ஒரு விளக்கம். லொறி டிஃப்ல 10 லீற்றருக்கு மேல பிடிக்கிற வகை இருக்கு, மிஞ்சின கொஞ்சம் மண்ணெண்ணெய் அங்க கரைஞ்சு போகும். மூணு லீற்றர் டிஃப்ல அப்படிக் கணக்குப் பார்க்க ஏலாது.

கொலன்னாவ கெப் தம்பி, இறக்கும் பிளக்ல காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தா இயல்பான தேய்மானம். அதை விரல் ரெண்டுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க, மாவா இருக்கணும். மினுங்குற செதில் வந்தா பேரிங் ஓடுபாதை உரியுது. ஒரு பக்கம் வளைவா, மற்றப் பக்கம் உடைஞ்ச முகமா கட்டி வந்தா பல். அப்ப வண்டியை ஓட்டவே வேணாம், ரெக்கவரியில ஏத்துங்க.

தெஹிவளை டீசல்:

தண்ணி எப்பிடிப் போனது எண்டும் பாருங்கோ, இல்லாட்டி அடுத்த மழைக்கும் இதே கதை. ஓடி வந்த அக்ஸில் நல்ல சூடு. குளிர்ந்த வெள்ளத்துக்குள்ள இறங்கினதும் உள்ளுக்கு இருக்கிற காத்து சுருங்கி இழுக்கும். அக்ஸில் குழாய்க்கு மேல சின்னத் தொப்பி மாதிரி, காத்துப் போய் வாற பிறீதர் இருக்கு. அது சேறால அடைபட்டிருந்தால் சீல் உதட்டு வழியா இழுக்கும். சீல் ஒயிலை உள்ளுக்கு நிப்பாட்டச் செய்தது, வெளித் தண்ணியை மறிக்க இல்லை.

அடைபட்ட பிறீதரால எதிர்ப் பக்கமும் சேதம் வரும். சூடேறேக்க அழுத்தம் கூடி, ஒயில் அக்ஸில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள்ள போகும். உங்கட வலது சில்லு ஈரத்துக்குக் காரணம் இதுவா இருக்கலாம். பிறீதர் தொப்பி விரலுக்கு அசையோணும். அசையாட்டிக் கழட்டி மாத்துங்கோ. வெள்ளப் பகுதியில ஓடுற வண்டிக்கு தொப்பியை எடுத்துப் போட்டு, ஹோஸ் மாட்டுற நிப்பிள் ஒண்டு பூட்டி, 8 மி.மீ. எரிபொருள் ஹோஸை சசி வழியா பின் லாம்புக்குப் பின்னால வரைக்கும் ஏத்தி விடலாம். அக்ஸில் மேல கீழ ஆடுறதால ஹோஸில கொஞ்சம் தளர்வு விடுங்கோ.

லேத்துக்காரன்:

வலது சீலை மாத்தப் போறீங்கன்னா: டிரம்மைக் கழற்றி, பிரேக் குழாயையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் விடுவிச்சு, பின் தட்டைப் பிடிக்கிற நாலு நட்டையும் எடுத்தா அக்ஸில் சாஃப்ட் பேரிங்கோட வெளிய வரும். நேரா இழுங்க. சாஃப்ட்டோட பாரத்தை உள் சீல்ல சாய விட்டா புதுசும் கிழியும். இந்தச் சில்லு பேரிங்குக்கு கிரீஸ்தான், டிஃப் ஒயில் இல்லை. தண்ணி போன கிரீஸ் வெளுத்திருக்கும். அப்படி இருந்தா பேரிங்கையும் மாத்துங்க. அதை ஏத்தி இறக்க பிரஸ் வேணும், சுத்தியலால அடிச்சா ஏபிஎஸ் வளையம் வளையும்.

சீல் உதடு ஓடுற இடத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க. நகம் சிக்குற பள்ளம் இருந்தா அந்த வளையத்தையும் மாத்தணும். பள்ளத்தோட விட்டா புதுச் சீலும் கெதியா ஒழுகும். ஒயில்ல ஊறின பிரேக் ஷூவைப் பெட்ரோல்ல கழுவி மாட்டாதீங்க. சூடேறினா திரும்பக் கசிஞ்சு ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க.

கொலன்னாவ கெப்:

எல்லாம் பார்த்தாச்சு. ரெண்டாவது கழுவல்ல ஒயில் தெளிவா வந்துட்டு. காந்தத்துல மாவோட மெல்லிய செதில் கொஞ்சம். யூ ஜொயின்ட் சரி. ஸ்ப்ளைனுக்குக் கிரீஸ் அடிச்சதும் "டங்" பெரும்பாலும் போயிட்டு. பிறீதர் சேறால மூடிக் கிடந்தது. ஆப்புல 280ல உச்சி இல்லை, பரவலான இரைச்சல்தான். புரொபெல்லர் சாஃப்ட்டை இறக்கிட்டு, அது பூட்டுற டிஃப் ஃப்ளாஞ்சை மேல கீழ ஆட்டினா லேசா அசையுது, சுத்தும்போது கையில கரகரப்பு.

மருதானை நானா:

அப்ப முடிவு தெளிவு. பினியன் பேரிங் ரெண்டும் போயிட்டு. ஃப்ளாஞ்ச் கொஞ்சம் சுழற்சியா அசையலாம், அது பல் இடைவெளி. மேல கீழயோ முன்ன பின்னயோ அசையவே கூடாது. தண்ணி நின்ற இடத்துல உருளையில துரு கோடு விழுந்து, அந்தக் கோடு உரிஞ்சு செதிலா வருது. கிரவுன் பினியன் பற்கள் நல்லதா இருந்தா அதையே வச்சுக்கொள்ளலாம். செட் தேவையில்லை.

லேத்துக்காரன்:

வேலை இப்படி. ரெண்டு அக்ஸில் சாஃப்ட்டையும் வெளிய இழுத்தா, கெரியர் (கிரவுன் பினியனைத் தாங்குற கூடு) முழுசா முன்பக்கமா கழறும். பாரமானது, தனியாளாப் பிடிக்காதீங்க. மேசையில வச்சதும், எதையும் தளர்த்தாம, பல் இடைவெளியையும் முட்டுற அடையாளத்தையும் எடுத்துக் குறிச்சு வைங்க. பழைய அடையாளம்தான் திரும்பக் கட்டும்போது உங்களுக்கு வழிகாட்டி.

பக்க பேரிங் மூடி ரெண்டுக்கும் புள்ளி அடிங்க, இடது வலது மாறக் கூடாது. கெரியரோட சேர்த்துக் கடைஞ்சது அது. பினியன் தலைக்குப் பின்னால இருக்கிற ஷிம்மை (இடைவெளியைச் சரிப்படுத்துற மெல்லிய வளையத் தகடு) மைக்ரோமீற்றர்ல அளந்து, அதே தடிப்பைத் திரும்பப் போடுங்க. பேரிங் ரெண்டு, வெளி ஓடு ரெண்டு, நசுங்குற ஸ்லீவ், பினியன் சீல், நட்டு எல்லாம் புதுசு. பக்க பேரிங்கும் அதே தண்ணியில கிடந்ததுதான், அதையும் சேர்த்து மாத்துங்க. பேரிங் பெட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க. ஓட்டோட விளிம்புல பொறிச்ச எழுத்தும் நம்பரும் கூர்மையா இருக்கணும்.

நட்டு இறுக்கும் கட்டம்தான் முக்கியம். ஸ்லீவ் நசுங்கத் தொடங்க நல்ல பலம் வேணும், நீளமான பாரும் ஃப்ளாஞ்சைப் பிடிக்கக் கட்டையும் எடுங்க. காத்துத் துப்பாக்கி வேணவே வேணாம். நசுங்கத் தொடங்கினதும் ஒவ்வொரு தரமும் கொஞ்சூண்டு இறுக்கி, பினியனைப் பத்துச் சுத்து சுத்தி, அழுத்தத்தை அளங்க. சின்ன டோர்க் ரெஞ்ச் இல்லாட்டி, ஃப்ளாஞ்ச்ல நூலைச் சுத்தி மீன் தராசுக் கொக்கியால இழுங்க. ஃப்ளாஞ்ச் ஆரம் 5 செ.மீ., சுத்திக்கொண்டிருக்கும்போது தராசு 2 கிலோ காட்டினா 10 கிலோ செ.மீ., அதாவது 1 நியூட்டன் மீற்றர். அசையத் தொடங்குற உச்சத்தைப் பார்க்காதீங்க, ஓடும்போது வர்றதைப் பாருங்க. புதுப் பேரிங்குக்கு 1க்கும் 2க்கும் இடையில, உங்க மொடல் மெனுவல்ல உள்ள எண்தான் கடைசிப் பேச்சு. பழைய பேரிங்கையே போட்டா அதில பாதிதான். தாண்டினா ஸ்லீவைக் கழற்றி எறிஞ்சிட்டு இன்னொன்று. கைவசம் ரெண்டு ஸ்லீவ் வச்சுக்கொண்டு தொடங்குங்க.

தெஹிவளை டீசல்:

பல் இடைவெளி: 8 அங்குல டிஃப்புக்கு 0.13 முதல் 0.18 மி.மீ. டயல் கேஜை கிரவுன் பல்லோட வெளி முனையில, பல் முகத்துக்குச் செங்குத்தா வச்சு, நாலு இடத்தில பாருங்கோ. இடத்துக்கு இடம் பெரிசா மாறினால் கிரவுனுக்கு அடியில ஏதோ துகள் சிக்கியிருக்கு. கிரவுனுக்கு ரெண்டு பக்கமும் உள்ள நூல் நட்டில ஒண்டை எவ்வளவு தளர்த்துறீங்களோ மற்றதை அவ்வளவு இறுக்கினால் கிரவுன் இடம் மாறும், பேரிங் அழுத்தம் மாறாது. பழைய 8 அங்குல டிஃப்பில பேரிங் மூடி போல்ட்டுக்கு 78, கிரவுன் போல்ட்டுக்கு 97 நியூட்டன் மீற்றர். கிரவுன் போல்ட்டைக் கழட்டினால் நூலைச் சுத்தமாக்கி லொக்டைட் போட்டு, எதிரெதிராக இறுக்குங்கோ.

பிறகு மார்க்கிங் புளூவை (முட்டுற அடையாளம் காட்டுற பசை) மூண்டு நாலு பல்லுக்குப் பூசி, கிரவுனைக் கட்டையால தடுத்துப் பிடிச்சபடி ரெண்டு பக்கமும் சுத்துங்கோ. அடையாளம் பல்லின்ரை உச்சியில விழுந்தால் பினியன் தள்ளி நிக்குது, ஷிம் தடிப்பா வேணும். அடியில விழுந்தால் மெல்லிசு வேணும். உள் முனைக்கு ஒதுங்கினால் கிரவுன் கிட்ட வந்திட்டுது, வெளி முனைக்கு எண்டால் தள்ளிப் போயிட்டுது. பழைய பற்களில ஏற்கெனவே தேய்ஞ்ச பாதை ஒண்டு இருக்கும். அடையாளம் அந்தப் பாதையோட ஒத்துப்போகோணும். பாடப் புத்தகப் படம் மாதிரி வரோணும் எண்டு ஷிம்மை மாத்தினால் இல்லாத ஊளையை நீங்களே உண்டாக்குவியள்.

அம்பத்தலே:

இவ்வளவு வேலைக்கு ஜப்பான் ரீகண்டிஷன் கெரியர் ஒன்றை அப்படியே மாட்டிட்டா என்ன?

மருதானை நானா:

மாட்டலாம், ரேஷியோ ஒத்துப்போனா. ஃபோர் வீல் வண்டியில முன் டிஃப்பும் பின் டிஃப்பும் ஒரே ரேஷியோவா இருக்கணும். இல்லாட்டி 4எச் (ஃபோர் வீல்) போட்ட உடனே டிரான்ஸ்ஃபர் இறுகும். எஞ்சின் பக்கத் தகட்டுல அக்ஸில் குறியீடு இருக்கும், முதல்ல அதைக் குறிச்சுக்கொண்டு கடைக்குப் போங்க. மேசையில கிடக்கிற கெரியர்ல பல்லை எண்ணுங்க: கிரவுன் 41, பினியன் 10ன்னா 4.1. 43க்கு 11ன்னா 3.909. கிரவுன்லயும் பினியன்லயும் பொறிச்ச ஜோடி எண் ஒன்றாத்தான் இருக்கணும். வேற வேறன்னா யாரோ ரெண்டு உடைஞ்ச டிஃப்ல ஒன்று கட்டியிருக்காங்க.

சொந்த வண்டியில தெரியாட்டி: நியூட்ரல்ல, ஒரு பின் சில்லு தரையில, மற்றதை ஜெக்ல தூக்கி ஸ்டாண்ட் வச்சு, தூக்கின சில்லை ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. புரொபெல்லர் சாஃப்ட் எத்தனை சுத்தோ அதுதான் ரேஷியோ. சாதாரண டிஃப்புக்கு மட்டும்தான் இது. எல்எஸ்டியில (ஒரு சில்லு மட்டும் வழுக்கிச் சுத்துறதைக் கட்டுப்படுத்துற டிஃப்) வராது.

அம்பத்தலே:

எல்எஸ்டின்னு சொன்னதால கேட்கிறேன். மிட்சுபிஷி எல்200ல பார்க்கிங்ல திரும்பும்போது பின்னால கடகடன்னு நடுங்குது.

மருதானை நானா:

எல்எஸ்டி ஒயில் போட்டிருக்காதுன்னு நினைக்கிறேன். தட்டு வகை எல்எஸ்டிக்கு வழுக்கலைச் சரிப்படுத்துற சேர்மானம் உள்ள ஒயில் வேணும், டப்பாவுல எல்எஸ்டின்னு எழுதியிருக்கும். மாத்திட்டு, வெறும் மைதானத்துல எட்டு வடிவமா மெதுவா சில தரம் ஓட்டுங்க. தட்டுக்குள்ள ஒயில் போனா நடுக்கம் குறையும். குறையாட்டி தட்டு தேய்மானம். அந்த வண்டியில ஒரு சில்லை மட்டும் தூக்கி கியர் போட்டு ஓட விட்டுடாதீங்க, தரையில உள்ள சில்லு இழுத்துக்கொண்டு ஜெக்கை விட்டுப் பாயும்.

கொலன்னாவ கெப்:

நம்ம டிஃப்புக்குக் கடைசியா என்ன ஒயில்? எவ்வளவு காலத்துக்கு?

லேத்துக்காரன்:

ஜீஎல்-5. பழைய மொடலுக்கு 80டபிள்யூ-90 அல்லது 90. புது ஹைலக்ஸுக்கு 75டபிள்யூ-85 கேட்கிறாங்க, மெனுவலைப் பாருங்க. ஜீஎல்-4 போடாதீங்க, ஹைபொயிட் அழுத்தத்துக்குத் தாங்காது. மிஞ்சின ஜீஎல்-5ஐ கியர்பொக்ஸுக்கு ஊத்தவும் வேணாம், பித்தளை சிங்ரோ வளையத்துக்குக் கேடு. சமதரையில, ஃபில்லர் துளை விளிம்புல இருந்து 5 மி.மீ. வரைக்கும் கீழ நின்றாப் போதும். பிளக் ரெண்டுக்கும் புது வாஷர், 49 நியூட்டன் மீற்றர். ஒரு சின்ன ஓட்டம் ஓடி, ஆற விட்டு, திரும்ப மட்டம் பாருங்க. அக்ஸில் குழாய்க்குள்ள ஒயில் போனதும் மட்டம் இறங்கும்.

புதுப் பேரிங் என்கிறதால முதல் ஓட்டம் 20 நிமிஷம், பிறகு கைக்குத் தாங்கும் சூட்டுக்கு ஆற விடுங்க. முதல் 800 கி.மீ. ஹைவேயும் லோடும் வேணாம், அதோட ஒயிலை மாத்துங்க. பிறகு சாதாரண ஓட்டத்துக்கு 40,000 கி.மீ., லோடு ஏத்துற வண்டிக்கு 20,000. திரும்பத் தண்ணியில இறங்கினா கணக்குப் பார்க்காம அடுத்த நாளே பிளக்கைத் திறந்து பாருங்க.

தெஹிவளை டீசல்:

முன் டிஃப்பைத் திறந்து பாத்தனீங்களோ? அதுவும் அதே தண்ணிக்குள்ளதான் போனது. ஃபில்லர் பிளக் 10 மி.மீ. அலன் கீ.

கொலன்னாவ கெப்:

இல்லை அண்ணை. இப்பவே பார்க்கிறேன், டிரான்ஸ்ஃபரையும் சேர்த்து.